சாலமோன் இறக்கிக் கட்டிய துண்டு

(1957 டிசம்பர், ஞாயிறு மாலை. மிஷன் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் திருக்கழுக்குன்றம் உரக்கடை அப்துல் சுபஹான் பேசியது.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் காசிநாதன் ஐயா அவர்களே, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் சகோதரி சாராள் அவர்களே, ஈரத் தரை என்றும் பாராமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, சங்கத் தோழர்களே, பெஞ்சு கிடைத்த பெரிய மனிதர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் சாலமோன் அவர்கள் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இரங்கல் பேச வாருங்கள் பாய் என்று சங்கத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். வந்துவிட்டேன். ஆனால் இரங்கல் வரவில்லை ஐயா, கோபம்தான் வருகிறது. மன்னிக்க வேண்டும். முப்பத்து நான்கு வயது மனிதனை மண்ணில் வைத்துவிட்டு வந்து, நல்லவர், வல்லவர், நாலும் தெரிந்தவர் என்று பேசிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

சாலமோன் அவர்கள் எப்படி இறந்தார் என்று கிராம அதிகாரி எழுதி அனுப்பிய காகிதத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? கள்ளச்சாராயம் குடித்து, வயலில் மயங்கி விழுந்து இறந்தார் என்று இருக்கிறது! யார்? சாலமோன்! சாராய ஊறல் போட்டவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, பானையை உடைக்காமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்த சாலமோன்! கல்யாண வீட்டில் கூட மோரைத் தவிர வேறு எதையும் தொடாத சாலமோன்! அந்தக் காகிதம் நிலைத்துவிட்டால் என்ன ஆகும்? சகோதரி சாராள் குடிகாரன் பெண்டாட்டி ஆவார். அவர் மடியில் இருக்கிற குழந்தை குடிகாரன் பிள்ளை ஆகும். மதுவிலக்கு நடக்கிற ஜில்லாவில், அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய மூன்று பேரும் சாராய வழக்கில் சாட்சிகளாகவோ குற்றவாளிகளாகவோ நிற்பார்கள். அவரைக் கொன்றது எதுவோ அது அடுத்த போகத்துக்கும் நிம்மதியாக வயலுக்கு வரும்.

நாளை காலை பத்து மணிக்குச் செங்கல்பட்டில் சப்-கலெக்டர் விசாரணை. அங்கே நாம் என்ன சொல்லப் போகிறோம்? இன்றைக்கு இருக்கிற கேள்வி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

நான் யார் என்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் மளிகையோடு சேர்த்து உரமும் பூச்சி மருந்தும் விற்கிறேன். குருத்துப்பூச்சிக்கு என்று புதிதாக வந்திருக்கிறதே, மண்டையோட்டுப் படம் போட்ட டின், அதை இந்தச் சுற்று வட்டாரத்தில் விற்பது நான் ஒருவன்தான். நம் மிராசுதார் ராஜாராம் அவர்கள் பண்ணைக்குப் போனதும் என் கடை டின்தான். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த டின் பெட்டியில் வரும். ஒவ்வொரு பெட்டியிலும் இங்கிலீஷில் அச்சடித்த காகிதம் ஒரு கட்டு இருக்கும். வழவழப்பான, கெட்டியான காகிதம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெல்லம் மடித்துக் கொடுத்தேன்! பொட்டலம் கட்ட அவ்வளவு தோதான காகிதம் வேறு கிடையாது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு டின் வாங்கினால் ஒரு காகிதம் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருஷம் முழுக்க அதில் வெல்லம் மடித்தேன், புளி மடித்தேன், குழந்தைகளுக்குப் பொரிகடலை மடித்தேன்.

போன வருஷம் ஐப்பசியில் சாலமோன் அவர்கள் வெல்லம் வாங்கிப் போனார். மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் வந்து நிற்கிறார். கையில் அந்தக் காகிதம், பிசுபிசுவென்று. "இன்னா பாய், உங்க கடையில வெல்லத்த விட காயிதம் ஒசத்தியாக்கீதே. இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சீங்களா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இதே மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். வாய், மூக்கு, துணி, சோப்பு என்று நாலைந்து வார்த்தை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். மீதியை இரண்டு பேருமாகச் சேர்ந்து காசிநாதன் ஐயாவிடம் கொண்டுபோனோம். ஐயா படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. வாயையும் மூக்கையும் துணியால் மூட வேண்டும். கையால் கலக்கக் கூடாது. உடம்பில் பட்டால் அந்த நிமிஷமே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மருந்து பட்ட துணியை உடுத்தக் கூடாது. மருந்து கலக்கிய பீப்பாயைக் குளத்தில் அலசக் கூடாது. ஐயாவே, இது மருந்தா? மருந்து என்று சொல்லியல்லவா விற்றேன்!

அன்றைக்கு என்னை அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "சரி வுடுங்க பாய், இனிமே வெல்லத்துக்கு வாழ எல வச்சிக்குங்க. இந்தக் காயிதத்த எனக்குக் குடுங்க" என்று மீதிக் கட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு போனார். ஐயா எழுதிக் கொடுத்த தமிழைப் பின்பக்கத்தில் தன் கையால் எழுதினார். பதினோரு சேரிக்கு நடந்து போய், விளக்கேற்றுகிற நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். மகாபலிபுரம் பக்கம் கல் உடைத்துப் பிழைக்கிற மனிதன்! வயலில் அவருக்கு வேலையே கிடையாது! அந்த மருந்து அவர் மேல் ஒரு சொட்டுப் படப்போவதில்லை! பிறகு எதற்காக நடந்தார்?

வயலில் ஏன் வேலை கிடையாது என்பதையும் சொல்கிறேன். பண்ணை வயலில் ஒரு வழக்கம் இருக்கிறது. மிராசுதார் வரப்பில் வந்து நின்றால் வேலை செய்கிறவன் தோளில் துண்டு இருக்கக் கூடாது. இறக்கி இடுப்பில் கட்ட வேண்டும். தலையில் கட்டக் கூடாது, முகத்தில் கட்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. சாலமோனின் தகப்பனார் படியாளாக இருந்து அப்படித்தான் நின்றார். சாலமோனும் நின்றார். முதல் பொதுத் தேர்தல் வந்ததே, அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து துண்டைத் தோளில் போட்டார். அதற்குப் பிறகு யாருக்காகவும் இறக்கவில்லை. ஆறு வருஷம்! வேலை போயிற்று, கல் உடைக்கப் போனார். கை கொப்புளித்தது. துண்டை இறக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். மூக்கை மூடு என்கிறது காகிதம். துண்டை இறக்கு என்கிறது வழக்கம். ஏழைக்கு இருப்பது ஒரே துண்டு. அதை அவன் எங்கே கட்டுவான்?

இந்தக் கார்த்திகையில் பண்ணையில் மருந்தடிக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பிக்கும் முன்னால் தமுக்கு அடித்தார்கள், கேட்டீர்கள் அல்லவா? பத்து நாளைக்குப் பண்ணை வரப்பில் மாடு மேயக் கூடாது, புல்லில் விஷம் இருக்கிறது என்று தெருத்தெருவாக அடித்தார்கள். மாட்டுக்குத் தமுக்கு! மனிதனுக்கு என்ன அடித்தார்கள்? மாடு மேயக் கூடாத வரப்புக்குள் நம் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டார்கள். ஆறு பெண்கள். பீப்பாயில் தண்ணீர் ஊற்றி, டின்னைச் சாய்த்து, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவது அவர்கள் வேலை. குச்சியால் கலக்கினால் அடியில் தங்கிவிடுகிறதாம்! சாயங்காலம் அந்தப் பீப்பாயை எங்கே அலசினார்கள்? மிராசுதார் வீட்டுக் கிணற்றடியிலா? சேரிக் குட்டையில்! மறுநாள் காலையில் கெண்டைக் குஞ்செல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அந்தத் தண்ணீரில்தான் நீங்கள் சோறு பொங்குகிறீர்கள்.

ஆறு பேரில் ஒருவர் சகோதரி காசியம்மாள். அதோ உட்கார்ந்திருக்கிறார். ஏழு மாதக் கர்ப்பம். வியாழக்கிழமை வயலிலேயே வாந்தி எடுத்தார், கை நடுங்கியது. சேதி தெரிந்து சாலமோன் அவர்கள் கல்லுளியைப் போட்டுவிட்டு நேரே பண்ணைக் களத்துக்குப் போனார். அங்கே நடந்ததைக் காசியம்மாள் என்னிடம் சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"பொம்பளைங்கள வுட்டுருங்க. கைய வுட்டுக் கலக்கற வேல வாணாம்" என்று கேட்டிருக்கிறார் சாலமோன்.

"அவளுங்க போனா நீ வந்து செய்வியாடா?" என்று கேட்டிருக்கிறார் மிராசுதார்.

"செய்யறேன். அவங்கள அனுப்பிருங்க."

"வா. ஆனா ஒங்கப்பன் எப்படி நின்னானோ அப்படி வந்து நில்லு."

ஐயாமார்களே, இதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். சாலமோனுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வந்தார். மிராசுதார் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்கிறார். சாலமோன் தோளில் இருந்த துண்டை எடுத்தார், இடுப்பில் கட்டினார். ஆறு பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். "என்னால பாக்க முடியல பாய், தலைய குனிஞ்சிக்கினே வந்துட்டேன்" என்று காசியம்மாள் என்னிடம் அழுதார். அம்மா, நீ எதற்குத் தலை குனிகிறாய்? குனிய வேண்டியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்!

குச்சி வைத்துத்தான் கலக்கினார். அதோடு விட்டார்களா? பெண்கள் ஆறு பேர் போனதால் ஆள் குறைகிறது என்று முதுகில் பம்பையும் ஏற்றினார்கள். அந்தப் பம்பின் வாஷர் தேய்ந்து போய் எத்தனை நாள் ஆயிற்றோ! புது வாஷர் என் கடையிலேயே இருக்கிறது, கேட்டு ஒருவரும் வரவில்லை. மருந்து ஒழுகி முதுகு வழியாக இறங்கி, இடுப்பில் கட்டிய துண்டில் ஊறுகிறது. ஊறிய துண்டு வயிற்றைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எட்டு மணியிலிருந்து மூன்று மணி வரை!

இடையில் ஒன்று நடந்தது. உச்சிவெயிலில் வேர்வை கண்ணில் இறங்கியது. அந்தத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இடுப்பில் கட்டினார். பக்கத்துச் சாலில் பம்படித்த ஆபிரகாம் பார்த்திருக்கிறார். படித்தவர்தானே, பதினோரு சேரிக்குப் படித்துக் காட்டியவர்தானே, தெரியாதா என்று பெஞ்சில் இருக்கிற யாராவது கேட்பீர்கள். தெரியும் ஐயா, நன்றாகத் தெரியும்! கண் எரிகிறபோது அந்தக் காகிதம் ஞாபகத்துக்கு வருமா? கைதான் போகும். துண்டு இடுப்பில் இருந்தால் கை இடுப்புக்குப் போகும். அந்தத் துண்டு அவர் விருப்பப்படி தோளில் கிடந்திருந்தால், மூக்கில் கட்டியிருந்தால், அதில் மருந்து ஊறியிருக்காது. அதை அங்கே கட்ட வைத்தது யார்?

மூன்று மணிக்கு, "ஆபிரகாம் அண்ணாத்த, இன்னா இது, இருட்டிக்கினு வருது?" என்று கேட்டிருக்கிறார். நல்ல வெளிச்சம், மேகம் கூட இல்லை. அப்படியே விழுந்தார். வாயில் நுரை. உடம்பெல்லாம் துடிக்கிறது. பண்ணை வண்டி களத்திலேயே நிற்கிறது, மாடும் நிற்கிறது. வண்டியைக் கொடுங்கள் என்று ஆபிரகாம் ஓடிப்போய்க் கேட்டார். காரியஸ்தர் என்ன சொன்னார்? "குடிச்சுட்டு வுழுந்தவனுக்கு ஐயா வண்டியா கேக்குது?" என்றார். குடித்தார் என்ற சொல் பிறந்தது அந்த இடத்தில்தான். டாக்டர் சொல்லவில்லை, போலீஸ் சொல்லவில்லை. வண்டி கொடுக்க மனமில்லாத ஒரு வாய் சொல்லியது. சாயங்காலத்துக்குள் அது காகிதத்தில் ஏறிவிட்டது!

கயிற்றுக் கட்டிலில் போட்டு மூன்று பேர் மூன்று மைல் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு தெரு. என் கடை வாசலில் கட்டிலை இறக்கினார்கள், ஏனென்றால் அதற்கு மேல் தூக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. நான் ஓடிப் போய் அவர் தலையை மடியில் வைத்தேன். அவர் இமையைத் திறந்து பார்த்தேன். கண்ணின் பாப்பா கடுகளவு சுருங்கியிருந்தது. வாயில், வேர்வையில், துண்டில் எங்கும் பூண்டு வாடை. அது சாராய வாடையா? டின்னைத் திறந்தால் வருகிற வாடை ஐயா அது! இரண்டு வருஷமாக என் கடையில் அடிக்கிற வாடை! எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

எழுந்ததும் நான் முதலில் என்ன செய்தேன் என்று சொல்லவா? கொல்லைப்புறம் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினேன். காகிதத்தில் எழுதியிருந்ததே, ஞாபகம் வந்தது. அந்தக் காகிதத்தை எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் வாசலில் கிடக்கிறார். அவருக்குக் கிடைக்காத சோப்பு எனக்குக் கிடைத்தது. வெட்கமாக இருக்கிறது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அந்தத் துண்டை அலசிப் போடச் சகோதரி சாராள் எடுத்தார். நான் தடுத்து வாங்கி, பிஸ்கட் பாட்டிலில் போட்டு மூடிக் கடையில் பூட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு அது செங்கல்பட்டுக்கு வரும். ஆனால் துண்டு பேசாது. பார்த்தவர்கள் பேச வேண்டும்.

பேசக் கூடாது என்று சிலர் சேரிக்கு வந்து போயிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். குடிசை இருப்பது பண்ணை மனையில், செங்கல்பட்டு பஸ் ஏறினால் திரும்பி வரும்போது குடிசை இருக்காது என்று ஆபிரகாமிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னிடமும் ஆள் வந்தது. வியாபாரம் செய்கிற இடத்தில் வாயைத் திறந்தால் கடை இருக்காதாம். வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி பதருன்னிசா ஒரு வார்த்தைதான் சொன்னாள். "கடை போனா போவட்டும். ஒம்போது நாளா எனக்கு இந்த வூட்டுச் சோறு எறங்கல" என்றாள். நேற்று காசியம்மாள் நடக்க முடியாமல் நடந்து கடைக்கு வந்தார். "குடிசைய பிரிச்சிப் போடட்டும் பாய். அவருக்குக் குடிகாரன்னு பேரு வச்சிட்டு நான் எந்தக் குடிசையில படுத்துத் தூங்கறது?" என்று கேட்டார். ஏழு மாதக் கர்ப்பிணி கேட்கிறார். மீசை வைத்த நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

சங்கத்தின் சார்பாக இந்த மேடையில் உறுதி சொல்ல வேண்டும் என்றார்கள். சொல்கிறேன். இனி எந்த வரப்பில் யார் குடை பிடித்து நின்றாலும் மருந்தடிக்கிறவன் மூக்கில் துணி இல்லாமல் நாம் ஒரு பம்பும் தூக்க மாட்டோம். வரப்பில் சோப்பும் நல்ல தண்ணீரும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. பீப்பாய் சேரிக் குட்டைப் பக்கம் வந்தால் குட்டைக்குள் போவது பீப்பாய் அல்ல, அதைக் கொண்டு வந்தவர்! தமிழில் எழுதிய காகிதம் இல்லாமல் என் கடையிலிருந்து இனி ஒரு டின் வெளியே போகாது. பதினோரு சேரியில் சாலமோன் அவர்கள் படித்துக் காட்டியதை இந்த ஜில்லா முழுக்கப் படித்துக் காட்டுவோம். அதற்குத் தமிழில் எழுதித் தருவதாகக் காசிநாதன் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் நாளை மறுநாளிலிருந்து. நாளைக்கு வேண்டியது வேறு.

கூட்டத்தை முடிக்கும்போது இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்கச் சொல்வது வழக்கம். நான் கேட்டுக்கொள்கிறேன், மௌனம் வேண்டாம். ஒன்பது நாள் மௌனமாக இருந்துதான் ஒரு நல்ல மனிதர் குடிகாரன் ஆனார். நாளைக் காலையில் சப்-கலெக்டர் முன்னால் முதலில் நான் நிற்பேன். பெயர் அப்துல் சுபஹான், திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் மருந்து விற்பவன் என்று சொல்வேன். சாலமோன் குடித்ததால் சாகவில்லை, நான் விற்றதால் செத்தார், எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். அதற்காக என்னைப் பிடித்து உள்ளே போட்டாலும் சரி.

எனக்கு அடுத்து நிற்கப் போவது காசியம்மாள். அவருக்கு அடுத்து யார்? இங்கேயே, இப்போதே எழுந்து நில்லுங்கள்.